லைனில் காத்திருந்த ஒரு நிமிடம்: ஓர் இணைப்பு பிறந்த கதை

“சார், ஒரு நிமிஷம் லைன்ல இருங்க, செக் பண்ணிச் சொல்றேன்.”

கஸ்டமர் கேருக்குப் போன் போட்ட எவருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். கேட்டது ஒன்றும் பெரிய கேள்வியாக இருக்காது. “என் ஆர்டர் எங்கே இருக்கு?” அவ்வளவுதான். ஆன்லைன் கடைகளின் சப்போர்ட் பிரிவை அன்றாடம் திணறடிக்கும் கேள்வி இது. இதற்கான பதில் அந்த நிறுவனத்திடமேதான் இருக்கிறது. டேட்டாபேஸில், ஆர்டர்களுக்கான டேபிளில், ஒரே ஒரு வரியில். எப்போது பேக் ஆனது, எந்தக் கூரியரிடம் போனது, இப்போது எந்த ஊரில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும்.

போனை எடுத்தவர் முன்னால் திறந்திருப்பது ஹெல்ப்டெஸ்க் மென்பொருள். அதற்கு அந்த டேபிள் இருப்பதே தெரியாது. அவர் இன்னொரு டேபைத் திறந்து, இன்னொரு பாஸ்வேர்டை அடித்து, ஆர்டர் எண்ணைக் காப்பி செய்து அங்கே ஒட்டி, வந்ததைப் படித்துவிட்டுத் திரும்ப வர வேண்டும். அந்த ஒரு நிமிடம் இதற்குத்தான்.

இன்று பல நிறுவனங்களில் டிக்கெட் எனப்படும் புகார்ப் பதிவு திறந்த சில விநாடிகளுக்குள் ஆர்டர் விவரம் அதன் ஓரத்தில் தானாக வந்து நிற்கிறது. இடையில் ஓர் ஆட்டோமேஷன் ஃப்ளோ ஓடுகிறது. இதைக் கண்டுபிடித்தவர் இன்னார் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. இரண்டு கணினிகளில் யார் முதலில் வாயைத் திறப்பது? இந்தக் கேள்விக்குக் காலந்தோறும் ஒவ்வொரு பதில் கிடைத்தது. அந்தப் பதில்களின் வரிசைதான் இந்த இணைப்பு பிறந்த கதை.

ஒரே கட்டடம், இரண்டு வம்சம்

டேட்டாபேஸ் தொழிற்சாலையில் பிறந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் சார்லஸ் பாக்மன் உருவாக்கிய ஐடிஎஸ், உற்பத்திக் கணக்கைச் சமாளிக்க வந்தது. 1970-இல் ஐபிஎம்மின் எட்கர் காட், தகவல்களை டேபிள்களாக வைத்துக்கொள்ளும் முறையைத் தன் புகழ்பெற்ற கட்டுரையில் முன்வைத்தார். அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த டேபிள்களிடம் கேள்வி கேட்க ஒரு மொழியை 1974-இல் வெளியிட்டார்கள். அதுதான் பின்னாளில் எஸ்கியூஎல் ஆனது. சரக்கு எவ்வளவு, பாக்கி எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்பவைதான் இந்த வம்சத்தின் கவலைகள். வாடிக்கையாளரின் கோபமோ அவசரமோ இதன் கணக்கில் வராது.

ஹெல்ப்டெஸ்க்கின் பூர்வீகம் மின்னஞ்சல். வந்த அஞ்சலை யார் பார்த்தார், யார் பதில் போட்டார் என்று தெரியாமல் போகிற குழப்பத்திலிருந்து அது பிறந்தது. ஒவ்வோர் அஞ்சலுக்கும் ஓர் எண், ஒரு பொறுப்பாளர், திறந்ததா முடிந்ததா என்று ஒரு நிலை. 1996-இல் அமெரிக்காவில் ஜெஸ்ஸி வின்சென்ட் எழுதத் தொடங்கிய ரெக்வெஸ்ட் டிராக்கர் இந்த வகையில் பலருக்கும் பழக்கமான பெயர். இந்த வம்சத்துக்கு மனிதர்கள் எழுதுவது தெரியும். சரக்குக் கணக்கு தெரியாது.

இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே சர்வர் அறையில் இருந்தவரை சமாளிக்க முடிந்தது. 1992-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஓடிபிசி மாதிரியான வசதிகள் வந்தபின், எந்த மென்பொருளும் எந்த டேட்டாபேஸுக்குள்ளும் நேராகப் போய்ப் படிக்க வழி பிறந்தது. அது முடியாத இடத்தில், குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் யூனிக்ஸின் கிரான் கைகொடுத்தது. ராத்திரி 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுந்து, ஆர்டர் டேபிளை ஒரு சிஎஸ்வி கோப்பாக இறக்கி, ஹெல்ப்டெஸ்க் பக்கம் கொண்டுபோய்க் கொட்டும். காலை 10 மணிக்குக் கூரியரில் ஏறிவிட்ட பொருளுக்கு, மாலை வரை “பேக்கிங்கில் இருக்கிறது” என்றே ஏஜென்ட் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். கோப்பில் அப்படித்தானே இருக்கிறது!

வீட்டை விட்டுப் போன ஹெல்ப்டெஸ்க்

2007-இல் கோபன்ஹேகனில் மிக்கெல் ஸ்வானே, அலெக்சாண்டர் அகாசிபூர், மார்ட்டன் பிரிம்டால் மூவரும் ஸென்டெஸ்க்கைத் தொடங்கினார்கள். சர்வர் வாங்க வேண்டாம், இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பிரவுசரில் திறந்து மாத வாடகை கட்டினால் போதும். சிறிய நிறுவனங்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இந்த வசதியோடு ஹெல்ப்டெஸ்க் கட்டடத்தை விட்டே வெளியேறிவிட்டது. டேட்டாபேஸ் மட்டும் ஃபயர்வாலுக்குப் பின்னால் தனியே நின்றது.

இனி நேராக உள்ளே போய்ப் படிப்பது நடக்காது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வழக்கமாக 5432 என்ற போர்ட்டில் காத்திருக்கும், மைஎஸ்கியூஎல் 3306-இல். இவற்றை இணையத்துக்குத் திறந்துவிடும்படி கேட்டால், எந்த டேட்டாபேஸ் அட்மினும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார். திறந்த சில நிமிடங்களில் பாஸ்வேர்டைத் தட்டிப் பார்க்கும் ரோபோ புரோகிராம்கள் வரிசைகட்டும் என்பது அவருக்குத் தெரியும்.

வெளியே இருக்கும் மென்பொருளோடு பேச ஒரு வழி ஏற்கெனவே இருந்தது. 2000-ஆம் ஆண்டிலேயே சேல்ஸ்ஃபோர்ஸும் ஈபேயும் ஏபிஐகளை வெளியிட்டிருந்தன. உள்ளே வராதே, இந்த முகவரிக்கு இந்த வடிவத்தில் கேள், பதில் தருகிறேன் என்கிற ஒப்பந்தம் அது. அதே ஆண்டில் ராய் ஃபீல்டிங் தன் முனைவர் பட்ட ஆய்வில் ரெஸ்ட் என்ற வடிவமைப்பை விவரித்தார். ஏபிஐகளில் பெரும்பாலானவை பிறகு அந்தப் பாணியைத்தான் பின்பற்றின, அல்லது பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டன.

ஏபிஐ நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அது கேட்டால் மட்டுமே பேசும். புது டிக்கெட் வந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால், நிமிடத்துக்கு ஒரு முறை போய்க் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு 1,440 முறை. பெரும்பாலும் கிடைக்கும் பதில்: “ஒன்றும் இல்லை.” கேட்கும் இடைவெளியைக் கூட்டினால் தகவல் தாமதமாகும், குறைத்தால் அந்தப் பக்கத்து சர்வர், “இவ்வளவு தடவை கேட்காதே” என்று கதவைச் சாத்தும்.

“நீ கேட்காதே, நானே சொல்கிறேன்”

மாற்றம் வந்ததும் அதே 2007-இல்தான். ஜெஃப் லிண்ட்சே என்ற அமெரிக்க புரோகிராமர், வெப்ஹூக் என்ற யோசனைக்குப் பெயர் சூட்டி, அதை ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்யாத குறையாகப் பேசிவந்தார். யோசனை மிக எளிது. ஒரு மென்பொருளில் ஏதாவது நடந்தால், நான் முன்கூட்டியே கொடுத்து வைத்த ஒரு முகவரிக்கு அதுவே செய்தி அனுப்பட்டும். மற்ற நேரத்தில் இரு பக்கமும் அவரவர் வேலையைப் பார்க்கட்டும். பேபால் மாதிரியான ஒன்றிரண்டு இடங்களில், பணம் வந்ததும் கடைக்காரரின் சர்வருக்குத் தகவல் அனுப்பும் வசதி அதற்கு முன்பே இருந்தது. லிண்ட்சே அதை எல்லாரும் செய்ய வேண்டிய பொது வழக்கமாக மாற்றப் பார்த்தார்.

அவர் மனதில் இருந்த முன்னோடி யூனிக்ஸின் பைப். அதற்கும் ஒரு பூர்வகதை உண்டு. 1964-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டக் மெக்கில்ராய் ஒரு குறிப்பு எழுதினார்: தோட்டத்துக் குழாயைத் துண்டு துண்டாகத் திருகி நீட்டுவது போல புரோகிராம்களையும் ஒன்றோடொன்று மாட்ட வழி வேண்டும் என்று. அது நிறைவேற 1973 ஆனது. கென் தாம்சன் அதை யூனிக்ஸில் எழுதினார். ஒரு கணினிக்குள் ஒரு புரோகிராமின் விடை அடுத்ததற்குக் கேள்வியாகப் பாய்வது அப்போதே கைகூடிவிட்டது. வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளுக்கு இடையே அதே காரியம் நடக்க இன்னும் ஒரு தலைமுறை பிடித்தது.

2007 பிப்ரவரியில் யாஹூ வெளியிட்ட பைப்ஸ், பெயரிலேயே அந்தப் பரம்பரையைச் சொன்னது. பெட்டிகளைத் திரையில் வைத்து, அவற்றுக்கிடையே மவுஸால் கோடு இழுத்தால் தகவல் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குப் போகும். புரோகிராம் எழுதத் தெரியாதவரும் இணைப்பு போடலாம் என்று பெரிய அளவில் காட்டிய முதல் சில கருவிகளில் அது ஒன்று. 2015-இல் யாஹூ அதை மூடிவிட்டது. ஆனால் பெட்டியும் கோடும் நிலைத்துவிட்டன. இன்றைய ஆட்டோமேஷன் கருவிகள் பலவற்றைத் திறந்தாலும் திரையில் தெரிவது அதே காட்சிதான்.

உடைந்த டிவியும் கீழ்க்கட்டளையும்

இந்தக் கதையில் சென்னைக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. திருச்சிக்காரரான கிரிஷ் மாத்ருபூதம் ஸோஹோவில் ஹெல்ப்டெஸ்க் மென்பொருள்களில் வேலை பார்த்தவர். அமெரிக்காவின் ஆஸ்டினிலிருந்து குடும்பத்தோடு ஊர் திரும்பியபோது, கப்பலில் அனுப்பிய டிவி உடைந்து வந்தது. காப்பீட்டுப் பணத்துக்காக மாதக்கணக்கில் போனும் மின்னஞ்சலுமாக அலைந்தும் ஒன்றும் நடக்கவில்லை. வெறுத்துப்போய் இணையத்தில் நடந்ததை எழுதினார். உடனே பொருள்களைக் கொண்டுவந்த நிறுவனத்தின் தலைவரே மன்னிப்புக் கேட்டார், பணமும் வந்துசேர்ந்தது. குறைகள் போனில் மட்டும் வருவதில்லை, பொதுவெளியிலும் வருகின்றன என்பது அவருக்கு அதில் உறைத்தது. 2010-இல் ஸென்டெஸ்க் விலையை ஏற்றி வாடிக்கையாளர்களின் கோபத்தைக் கட்டிக்கொண்ட செய்தியும் கண்ணில் பட்டது. அந்த ஆண்டே வேலையை விட்டு, ஷான் கிருஷ்ணசாமியுடன் சேர்ந்து சென்னை கீழ்க்கட்டளையில் ஃப்ரெஷ்டெஸ்க்கைத் தொடங்கினார். அந்த நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது ஊரறிந்த சங்கதி.

நம் கதைக்கு அதில் முக்கியமானது வேறு. ஸென்டெஸ்க், ஃப்ரெஷ்டெஸ்க் இரண்டிலுமே, “இப்படி ஒரு டிக்கெட் வந்தால் இந்த முகவரிக்குச் செய்தி அனுப்பு” என்று ஒரு விதி எழுத இடம் வந்தது. அதுவரை வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெட்டியாக இருந்த ஹெல்ப்டெஸ்க், தானாகப் பேசத் தொடங்கியது. சரி, பேசுவதைக் கேட்டு டேட்டாபேஸிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்?

4,950 இணைப்புகள்

அதுவரை அந்த வேலையை ஒவ்வொரு நிறுவனத்திலும் ஒரு புரோகிராமர் தனியாக எழுதிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊரில் வேட் ஃபாஸ்டரும் பிரையன் ஹெல்மிக்கும் பகுதிநேரமாகச் செய்துகொண்டிருந்ததும் இதே மாதிரி வேலைதான். ஆள் மாறினாலும் கேட்கும் விஷயம் மாறவில்லை: இங்கே இருக்கும் தகவல் அங்கே போக வேண்டும். ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்குப் பதில், ஒரு முறை பொதுவாக எழுதி வைத்தால் என்ன?

கணக்கைப் போட்டுப் பார்த்தால் அவர்கள் பிடித்தது எவ்வளவு பெரிய புளியங்கொம்பு என்று தெரியும். 10 மென்பொருள்களை ஒன்றோடொன்று நேராக இணைக்க 45 இணைப்புகள் தேவை. 100 என்றால் 4,950. நடுவில் ஒரு பொது இடம் இருந்தால், ஒவ்வொன்றையும் அதோடு இணைத்தால் போதும். 100 மென்பொருளுக்கு 100 இணைப்பு. 2011-இல் ஊரில் நடந்த ஒரு வாரயிறுதித் தொழில்முனைவோர் கூட்டத்தில் மைக் நூப்பையும் சேர்த்துக்கொண்டு முதல் மாதிரியை உருவாக்கினார்கள். அதுதான் ஸேப்பியர். புதுத் தொழில்களுக்கு முதலீடு தரும் வொய் காம்பினேட்டர் முதல் முறை கைவிரித்தது, 2012-இல் சேர்த்துக்கொண்டது.

ஸேப்பியர் மக்கள் கையில் கொடுத்தது ஒரு வாக்கியம்: “இது நடந்தால், அதைச் செய்.” முதல் பாதி டிரிக்கர், இரண்டாம் பாதி ஆக்ஷன். வெப்ஹூக் அனுப்பத் தெரிந்த மென்பொருள்களிடம் அது காதைத் திறந்து வைத்திருந்தது. தெரியாதவற்றிடம், பழைய முறைப்படி சில நிமிடங்களுக்கு ஒரு முறை தானே போய்க் கேட்டது. பயனருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன.

டேட்டாபேஸ் விஷயத்தில் மட்டும் சிக்கல் தீரவில்லை. ஸேப்பியர் இருப்பது வெளியே. அது உள்ளே வந்து ஆர்டர் டேபிளைப் படிக்க வேண்டுமென்றால், ஃபயர்வாலில் அதற்கென்று ஓர் ஓட்டை போட வேண்டும். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் எண் எல்லாம் மூன்றாவது ஒரு நிறுவனத்தின் வழியாகப் போய்வரும். ஐரோப்பாவில் 2018 மே மாதம் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபின் இது வெறும் தயக்கமாக இருக்கவில்லை, சட்டத்துறை கையெழுத்துப் போட வேண்டிய விஷயமாகிவிட்டது. இந்தியாவிலும் 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது.

2019-இல் பெர்லினில் யான் ஓபர்ஹவுசர் வெளியிட்ட என்8என் இந்த இடத்தில் வந்து நின்றது. அவர் சினிமா விஷுவல் எஃபெக்ட்ஸ் துறையில் வேலை பார்த்தவர். பெட்டிகளைக் கோடுகளால் இணைத்துக் காட்சியை உருவாக்குவது அந்தத் துறையில் அன்றாட வழக்கம். என்8என்னின் மூலநிரலை இறக்கி நம் சொந்த சர்வரிலேயே, டேட்டாபேஸுக்குப் பக்கத்திலேயே நிறுவிக்கொள்ளலாம். வெளியே இருக்கும் ஹெல்ப்டெஸ்க்கின் செய்தியை வாங்க ஒரே ஒரு முகவரியைத் திறந்தால் போதும். 5432 மூடியே இருக்கும்.

ஒரு டிக்கெட்டின் பயணம்

திரையில் பார்த்தால் ஒரு ஃப்ளோ என்பது நான்கு பெட்டி, மூன்று கோடு. உள்ளே நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

வாடிக்கையாளரின் அஞ்சல் வந்ததும் ஹெல்ப்டெஸ்க் ஒரு டிக்கெட் திறந்து, அதன் எண்ணையும் எழுதியவரின் மின்னஞ்சல் முகவரியையும் தலைப்பையும் வெப்ஹூக்காக அனுப்புகிறது. ஃப்ளோ அந்த முகவரியை எடுத்து டேட்டாபேஸில் தேடுகிறது. முதல் அடி இங்கேயே விழும். ஆர்டர் போடும்போது மொபைல் கீபோர்டு முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கியிருக்கும். அஞ்சல் சிறிய எழுத்தில் வந்திருக்கும். போஸ்ட்கிரெஸ் மாதிரியான டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆட்கள். ஆகவே இரு பக்கமும் சிறிய எழுத்தாக்கி, முன்னும் பின்னும் ஒட்டியிருக்கும் காலி இடத்தை வெட்டிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். மனைவி பெயரில் ஆர்டர், கணவரிடமிருந்து புகார் என்றால் அதுவும் உதவாது. அப்போது தலைப்பில் ஆர்டர் எண் இருக்கிறதா என்று பார்க்க இரண்டாவது வழி வேண்டும்.

வாடிக்கையாளர் எழுதிய எதையும் அப்படியே கேள்விக்குள் ஒட்டிவிடக் கூடாது. யாராவது விஷமத்துக்குத் தலைப்பில் ஓர் எஸ்கியூஎல் கட்டளையை எழுதி அனுப்பினால், டேட்டாபேஸ் அதைத் தனக்கு வந்த உத்தரவாக எடுத்துக்கொள்ளும். வந்ததைக் கேள்வியிலிருந்து பிரித்து, தனி மதிப்பாகவே கொடுக்க வேண்டும். ஃப்ளோவுக்குக் கொடுக்கும் டேட்டாபேஸ் லாகினும் படிக்க மட்டுமே உரிமை உள்ளதாக, தேவையான மூன்று நான்கு நெடுவரிசைகளை மட்டும் பார்ப்பதாக இருப்பது நல்லது.

கிடைத்த விவரத்தை டிக்கெட்டில் உள்குறிப்பாகப் போட வேண்டும். அமைப்பில் ஒரு டிக் தவறினால் அது வாடிக்கையாளருக்கே பதிலாகப் போய்விடும். அடுத்த கண்ணிவெடி இன்னும் வேடிக்கையானது. “டிக்கெட் மாறினால் சொல்லு” என்று விதி எழுதியிருந்தால், ஃப்ளோ குறிப்பு சேர்ப்பதும் ஒரு மாற்றம்தான். உடனே இன்னொரு வெப்ஹூக், இன்னொரு தேடல், இன்னொரு குறிப்பு. யாராவது பார்த்து நிறுத்தும்வரை ஒரே டிக்கெட்டில் அதே விவரம் அனுமார் வாலாக நீண்டுகொண்டே போகும். புது டிக்கெட்டுக்கு மட்டும் என்று விதியைக் குறுக்குவது, அல்லது ஃப்ளோவின் சொந்தக் கணக்கிலிருந்து வரும் மாற்றங்களைத் தள்ளிவிடுவதுதான் மருந்து.

டேட்டாபேஸிலிருந்து ஹெல்ப்டெஸ்க்குக்குப் போகும் எதிர்த்திசையிலும் இதே மாதிரி. பணம் பிடித்தாகிவிட்டது, ஆர்டர் உறுதியாகவில்லை. வாடிக்கையாளர் கூப்பிடும் முன்பே ஒரு டிக்கெட் திறந்துவிடலாம். ஃப்ளோ கடைசியாகப் பார்த்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பின் மாறிய வரிகளை மட்டும் எடுக்கும். டிக்கெட் திறந்த அதே நொடியில் நெட்வொர்க் அறுந்தால், ஃப்ளோ காரியம் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடி முயலும். ஒரே புகாருக்கு இரண்டு டிக்கெட், ஒரே ஆளுக்கு இரண்டு ஏஜென்ட்டிடமிருந்து போன். அதனால், திறக்கும் முன் ஆர்டர் எண்ணை வைத்து ஹெல்ப்டெஸ்க்கில் ஒரு முறை தேடிப் பார்த்துவிடுவார்கள் அனுபவசாலிகள்.

இந்தக் கண்ணிகள் எதுவும் புதிதில்லை. கையால் செய்த காலத்தில் ஏஜென்ட் இவற்றையெல்லாம் யோசிக்காமலே தாண்டிப் போனார். கணவர் எழுதியிருக்கிறார், ஆர்டர் மனைவி பெயரில் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. ஏற்கெனவே டிக்கெட் இருக்கிறது என்பது அவர் ஞாபகத்தில் இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் அவர் என்னென்ன செய்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்ட இடங்களில் ஃப்ளோ உருப்படியாக ஓடுகிறது. கேட்காமல் நான்கு பெட்டியும் மூன்று கோடும் போட்ட இடங்களில், அந்த ஏஜென்ட்டின் பழைய டேப் இன்னும் மூடப்படவில்லை.

ஒரு விஷயத்துக்கு மட்டும் மென்பொருளில் விடை கிடைக்காது. இந்த ஃப்ளோ யாருடையது? டேட்டாபேஸ் பிரிவைக் கேட்டால் சப்போர்ட்டுடையது என்பார்கள். சப்போர்ட்டைக் கேட்டால் ஐடியைக் கைகாட்டுவார்கள். கட்டியவர் தன் சொந்த லாகினில் கட்டியிருப்பார். அவர் வேலையை விட்டுப் போன அன்று மாலை, வழக்கப்படி அவர் கணக்கை மூடுவார்கள். அதோடு ஃப்ளோவும் நின்றுவிடும், சத்தமே இல்லாமல். ஆகவே ஃப்ளோ போடும் நாளிலேயே அதற்கென்று தனியாக ஒரு சர்வீஸ் கணக்கு, நின்றுபோனால் யாருக்குச் செய்தி போக வேண்டும் என்று ஓர் எரர் ஃப்ளோ, பொறுப்பாளர் இன்னார் என்று அலுவலக ஆவணத்தில் ஒரு வரி, இந்த மூன்றையும் முடித்துவிட வேண்டும். ஒன்றுக்கொன்று வலியச் சொல்லும் பழக்கத்தை இரண்டு மென்பொருள்களுக்கு இவ்வளவு பாடுபட்டுக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. தான் நின்றுபோனதையும் ஃப்ளோ வலியச் சொல்லுமாறு செய்த பிறகுதான் இணைப்பு வேலை முடிந்தது என்று கணக்கு.